மலை காத்திருக்கும், கப்பல் காத்திராது

"கரையிறங்கும் பிரயாணிகள் யாவரும் மாலை நாலரை மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்."

நோர்வே நாட்டின் மேற்குக் கரையோரமாக நாங்கள் கப்பற் பிரயாணஞ் செய்த ஏழு நாட்களிலும் எங்கள் செவிகளில் ஒலித்துக்கொண்டேயிருந்த அறிவித்தல் இதுவே. துறைக்குத் துறை மணி மாறும், அறிவித்தல் மாறாது. முதலில் அதை ஒரு தொல்லையாகவே கருதினோம். ஊர் திரும்பியபின் எண்ணிப் பார்க்கையில், அப்பிரயாணத்தில் நாங்கள் கற்ற பெரும்பாடம் அந்த அறிவித்தலிலேதான் அடங்கியிருந்தது என்பதை உணர்கிறோம்.

அந்நாட்டின் கரையைத் தேசப்படத்திற் பார்த்தவர்கள், கந்தைத் துணியின் ஓரம்போல் அது கிழிந்து கிடப்பதைக் கண்டிருப்பார்கள். பனியுகத்திலே பெரும் பனிப்பாளங்கள் மலைகளைக் குடைந்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை ஆக்கின. பனி உருகி விலகியதும் கடல்நீர் அவற்றினுள்ளே புகுந்தது. இவ்வாறு பிறந்தவையே நுழைகழிகள். அவற்றுள் மிக நீண்டதாகிய சொங்கே நுழைகழி, நாட்டினுள்ளே 200 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் செல்கின்றது. அதன் ஆழம் 1,300 மீற்றரையும் தாண்டும். இருமருங்கும் செங்குத்தான மலைகள் நிற்க, நடுவே அசையாத நீரில் பெருங்கப்பல் ஊர்ந்து செல்வது, யானையொன்று குறுகிய ஒழுங்கையில் நுழைவது போலிருக்கும்.

துறைகளிற் கரையிறங்குவோர் இருவகையினர். கப்பற் கம்பனி ஒழுங்குசெய்யும் சுற்றுலாவுக்குப் பணங்கட்டி, வழிகாட்டியின் பின்னே செல்வோர் ஒருவகை. தம் காலையும் அறிவையும் நம்பித் தாமே வழிதேடிச் செல்வோர் மற்றொரு வகை. முதல் வகையினரை ஏற்றிச் சென்ற பஸ் தாமதித்தாற் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். இரண்டாம் வகையினர் தாமதித்தாலோ கப்பல் புறப்பட்டுவிடும். அடுத்த துறைக்கு அவர்கள் தம் செலவிலேயே போய்ச் சேரவேண்டும். மலையும் நீரும் மாறிமாறிக் குறுக்கிடும் அந்நாட்டில் அது இலேசான காரியமன்று. இவ்வளவும் அறிந்தே நாங்கள் இரண்டாம் வகையைத் தெரிந்தோம். நால்வர் கொண்ட குடும்பத்துக்குச் சுற்றுலாக் கட்டணம் பெருஞ்சுமை என்பது ஒரு காரணம். அந்நாட்டுச் சட்டம் ஒன்று மற்றைய காரணம்.

யாவர்க்கும் உரிய வழி

வேலியிட்ட காணியினுள் அயலவன் கால்வைத்தாற் பூசல் விளையும் ஊர்களிற் பிறந்த நமக்கு, நோர்வேயின் வழக்கம் பெருவியப்பைத் தரும். அங்கே பயிரிடப்படாத காட்டிலும் மலையிலும், நிலம் எவருடையதாயினும், யாரும் நடந்து செல்லலாம். காட்டிற் பழுத்த பெர்ரிப் பழங்களைப் பறித்துண்ணலாம். வீடுகளிலிருந்து 150 மீற்றருக்கு அப்பாற் கூடாரமடித்துத் தங்கலாம். நெடுங்கால வழக்காக இருந்த இவ்வுரிமையை 1957ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டமாக்கியது. அயல்நாட்டார்க்கும் இவ்வுரிமை உண்டு.

உரிமையோடு கடமையும் உண்டு. விளைநிலத்தை மிதித்தல் ஆகாது. ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காடுகளிலும் அவற்றின் அருகிலும் தீமூட்டல் பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. சென்றவிடத்தை இருந்தவாறே விட்டு வரவேண்டும்.

திறந்த வெளியில் வாழும் வாழ்வு என்ற பொருளில் 'பிரிலுஃப்ட்ஸ்லிவ்' என்றொரு சொல் அவர்களிடையே பெருவழக்காக உள்ளது. நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் 1859ஆம் ஆண்டிலேயே தம் கவிதையொன்றில் அதை எடுத்தாண்டார். மழையென்றும் குளிரென்றும் பாராது, குழந்தையை முதுகிற் சுமந்து மலையேறும் தாய்தந்தையரை நாங்கள் வழியெங்கும் கண்டோம்.

மேலே ரயிலில், கீழே சைக்கிளில்

எங்கள் முதற்றுறை ஃபுளோம். அங்கிருந்து மிர்டால் என்னும் மலைநிலையத்துக்குச் செல்லும் ரயில், 20 கிலோமீற்றர் தூரத்துக்குள் கடல்மட்டத்திலிருந்து 866 மீற்றர் உயரத்துக்கு ஏறிவிடுகின்றது. வழியில் 20 சுரங்கங்கள்; அவற்றுள் 18 மனிதர் கையாற் குடையப்பட்டவை. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் உச்சியை அடைந்தோம்.

பெரும்பாலோர் அதே ரயிலிலே திரும்பிவிடுகின்றனர். நாங்களோ முன்கூட்டியே வாடகைக்குச் சொல்லிவைத்த சைக்கிள்களில் இறங்கினோம். அந்தப் பாதை உல்லாசத்துக்காக அமைக்கப்பட்டதன்று. 1909இல் திறந்துவைக்கப்பட்ட பேர்கன் ரயில்பாதையை அமைத்த கூலியாட்களும் சாமான்களும் மலையேறுவதற்காக வெட்டப்பட்ட வழி அது. தொடக்கத்திலேயே 21 கொண்டையூசி வளைவுகள், தளர்ந்த சரளைக்கற்கள். பல இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தோம். பின்னர் அருவியோசையும் ஆட்டுமந்தைகளின் மணியோசையும் துணைவர, பள்ளத்தாக்கின் வழியே உருண்டோடி வந்தோம். கப்பல் புறப்பட இரண்டு மணித்தியாலம் இருக்கையிலேயே துறையை அடைந்துவிட்டோம். இந்த எளிய வெற்றி எங்கள் பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறிய துணிவை ஊட்டிவிட்டது.

விலகிச் செல்லும் பனிப்பாளம்

மறுநாள் ஓல்டன். அங்கிருந்து பஸ்ஸில் ஏறிப் பள்ளத்தாக்கின் கோடிவரை சென்று, அப்பால் 3 கிலோமீற்றர் நடந்தாற் பிரிக்ஸ்டால் பனிப்பாளத்தைக் காணலாம். ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பெரிய பனிப்பாளமாகிய யொஸ்டடாலின் ஒரு கிளை அது. பாதை நன்றாயிருந்தது, முதியோரும் மெல்ல நடந்து வந்தனர்.

1990களில் இப்பனிப்பாளம் கீழ்நோக்கி வளர்ந்து, அடியிலிருந்த ஏரியையே மூடிற்று. அதன்பின் விரைந்து பின்வாங்கிவிட்டது. இன்று ஏரி பச்சை நீராய் விரிந்து கிடக்க, பனியோ பாறையின் மேலே நெடுந்தூரத்தில் நீலமாய்த் தொங்குகின்றது. பூமி வெப்பமடைதலைப் பாடநூலிற் படித்திருந்த எங்கள் மகள், ஏரிக்கரையில் நெடுநேரம் பேசாது நின்றாள்.

எட்டாத பண்ணை

மூன்றாவது துறை கெய்ராங்கர். 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட நுழைகழி இது. 2026 ஜனவரி முதல், 10,000 தொன்னுக்குக் குறைந்த பிரயாணிக் கப்பல்கள் இங்கே புகையற்ற சக்தியினாலேயே செல்லவேண்டும். பெருங்கப்பல்களுக்கு 2032 வரை தவணை கொடுக்கப்பட்டுள்ளது.

நீர்மட்டத்துக்கு மேலே சுமார் 250 மீற்றர் உயரத்தில், மலைவிளிம்பிலே ஸ்காகேஃப்ளோ என்றொரு பழைய பண்ணை இருக்கின்றது. வரி அறவிடுவோர் வந்தால் அங்குள்ளோர் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம்! குடிகள் நீங்கிய அப்பண்ணையிலேதான் 1993இல் ஹரால்ட் மன்னரும் சொன்யா அரசியாரும் தம் திருமணத்தின் வெள்ளிவிழாவைக் கொண்டாடினர். அதைக் கண்டே தீருவது என்று புறப்பட்டோம்.

புறப்படுமுன் ஒரு கணக்குப் போட்டோம். நாலரை மணிக்குத் துறையில் நிற்க வேண்டுமாயின், எங்கு நின்றாலும் பன்னிரண்டரைக்குத் திரும்பிவிட வேண்டும். பாதை செங்குத்தாயிருந்தது. பத்து மணியளவில் மழை தூறத் தொடங்கிற்று, பாறைகள் வழுக்கின. பன்னிரண்டரையாயிற்று, பண்ணையைக் காணவில்லை. எதிரே இறங்கி வந்தவர்கள், "இன்னும் நாற்பது நிமிடம்" என்றனர்.

"இன்னும் கொஞ்சத் தூரந்தானே, அப்பா? சூரியன் உச்சியிலேதானே நிற்கிறது?" என்றான் மகன்.

அவன் சொல்லிலும் நியாயமிருந்தது. நம் ஊரிற் பொழுது சாய்வதே வீடு திரும்பும் எச்சரிக்கை. அங்கே யூலை மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்தே கிடக்கும். சூரியனை நம்பி நேரத்தைக் கணிப்பவன் அங்கே ஏமாந்தே போவான்.

பிள்ளைகளின் தாயார் மெல்லச் சொன்னார்: "ஏறுவதற்கு நாற்பது நிமிடமென்றால், நனைந்த கல்லில் இறங்குவதற்கு எவ்வளவு, தம்பி?"

யாரும் மறுமொழி சொல்லவில்லை, திரும்பினோம். மகனின் முகம் வாடியிருந்தது. அரைமணி நேரம் சென்றிருக்கும். மகள் கால் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். அதன்பின் அவளைத் தாங்கித் தாங்கி, பத்தடிக்கு ஒருமுறை நின்றே இறங்க முடிந்தது. துறையை அடைந்தபோது மணி நான்கு இருபது. பண்ணையைக் காணும் ஆசையில் மேலும் நடந்திருந்தால் எங்கள் கதி என்னவாகியிருக்கும்? கப்பலை விட்டிருப்போம் என்பதைவிட, வழுக்குப் பாறையிலே அவசரப்பட்டு ஓடியிருப்போம் என்பதே எங்களை இன்றும் நடுங்கவைக்கின்றது.

திரும்புதல் இழுக்கன்று

1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், மலைநாடிச் சென்றோருள் 18 பேர் நோர்வேயில் உயிரிழந்தனர். அதனை அடுத்து மலையொழுக்க விதிகள் நாடெங்கும் பரப்பப்பட்டன. 2016இற் புதுக்கப்பட்ட அவ்விதிகள் ஒன்பது. செல்லுமிடத்தைப் பிறரிடம் சொல்லிச் செல், வானிலையை அறிந்துகொள், தேசப்படத்தைக் கைக்கொள் என்பன போன்றவை அவை. அவற்றுள் ஒன்று, காலத்தோடு திரும்புவதில் வெட்கமில்லை என்று கூறுகின்றது. மலையிலேயே பிறந்து வளர்ந்த மக்கள் தமக்குத் தாமே வகுத்த விதி இது. கோழைகளின் விதியன்று.

அவ்வழியே செல்ல எண்ணும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது சிறிதே. கப்பலின் நேரமும் கரையின் நேரமும் ஒன்றுதானா என்று இறங்குமுன் கேட்டறியுங்கள். கையிலுள்ள நேரத்திற் கடைசி ஒரு மணித்தியாலத்தைக் கணக்கிலே சேர்க்காதீர்கள். மழையங்கியும் பிடிப்புள்ள சப்பாத்தும் இன்றிப் பாதையில் இறங்காதீர்கள். திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன்னரே குறித்துவிடுங்கள். மலையில் நின்று குறித்தால் ஆசை மணிக்கூட்டை வென்றுவிடும்.

அன்று மாலை கப்பல் நகர்ந்தது. மேற்றட்டில் நின்ற எங்களுக்கு, மழை ஓய்ந்த வெளிச்சத்தில் ஏழு சகோதரிகள் என்னும் அருவிக்கூட்டம் ஒருபுறம் தோன்றிற்று. அதற்கு எதிரே, மலைவிளிம்பில், சின்னஞ்சிறு கூரைகள் சில தென்பட்டன. "அதுதான் ஸ்காகேஃப்ளோ!" என்று மகன் கூவினான். காலாற் சென்று காணமுடியாததைக் கப்பல் கண்ணுக்குக் காட்டிவிட்டது.

கட்டுப்போட்ட காலை நீட்டியிருந்த அக்காவின் அருகில் அவன் வந்தமர்ந்தான். "மலை அங்கேதானே இருக்கும், இன்னொரு நாள் போவோம்" என்றான். காலையில் அவனிடம் இல்லாத அறிவு அது.