கருவியும் கற்பவரும்

கல்வியை விரும்பியவர் ஆசிரியர் இருக்குமிடம் தேடிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. பின்னர் ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. இன்றோ பாடமும் பயிற்சியும் தேர்வும் கைப்பேசியின் சிறு திரைக்குள் வந்து சேர்கின்றன. 2020 ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் பரவியபோது உலகெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவரின் படிப்புத் தடைப்பட்டதென யுனெஸ்கோ நிறுவனம் கணக்கிட்டது. அக்காலத்தில் பல நாடுகள் இணையத்தின் வழியே பாடம் நடத்தின. பாடங்களையும் வினாக்களையும் ஓரிடத்தில் அமைத்து, மாணவரையும் ஆசிரியரையும் இணைக்கும் இத்தகைய கணினி அமைப்பை இணையவழிக் கற்றல் தளம் என்பர்.

பள்ளிக் கட்டடம் எழும்பியதும் பொறியாளர் வந்து சுவரையும் கூரையையும் சோதிக்கின்றார். கற்றல் தளத்திற்கும் ஒரு சோதனை வேண்டும் அன்றோ? அது பழுதின்றி இயங்குகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. அதனை மாணவர் தடுமாறாமல் கையாள இயலுமா என்பதையும் பார்த்தல் வேண்டும். அவ்வியல்பினைப் பயன்பாட்டெளிமை எனலாம். அதனை அளந்தறியும் முறைகள் சிலவற்றை இங்குக் காண்போம்.

உலகில் பெரிதும் வழங்கும் கற்றல் தளங்களுள் ஒன்று 'மூடுல்' என்பது. அதனை உருவாக்கியவர் ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமாஸ். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில், பள்ளிகள் எட்டாத தொலைவில் இளமையைக் கழித்த அவர், சிற்றலை வானொலியின் வழியே பாடம் கேட்டுப் பயின்றவர். தொலைவில் உள்ளவருக்குக் கல்வி தரும் கருவி ஒன்றினை அவர் நாடியது வியப்பன்று. மூடுலின் முதற்பதிப்பு 2002 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்தது. எவரும் விலையின்றிப் பெறவும் மாற்றியமைக்கவும் கூடிய அத்தளம் தமிழ் உள்ளிட்ட 100-க்கும் மேற்பட்ட மொழிகளில் இயங்குகிறது.

இத்தளத்தில் மாணவர் கட்டுரை எழுதி அனுப்பும் பகுதி ஒன்று உண்டு. மாணவி ஒருத்தி தன் கட்டுரைக் கோப்பினைத் தளத்தில் ஏற்றுகின்றாள் என்று கொள்வோம். 'மாற்றங்களைச் சேமி' என்னும் பொத்தானை அழுத்துகின்றாள். திரையில் அவள் கோப்பின் பெயர் தோன்றுகிறது. வேலை முடிந்தது என்று மகிழ்ந்து, கைப்பேசியை அண்ணனிடம் கொடுத்துவிடுகின்றாள். ஆனால் வேலை முடியவில்லை! ஆசிரியர் விரும்பினால், சேமித்த கட்டுரை வரைவாகவே நிற்கும்படியும், 'சமர்ப்பி' என்னும் மற்றொரு பொத்தானை அழுத்திய பின்னரே அது முடிந்த கட்டுரையாகும்படியும் அமைக்கத் தளம் இடந்தருகிறது. மாணவர் தம் கட்டுரையைத் திருத்திச் செம்மைப்படுத்த வாய்ப்பளிப்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் அந்த இரண்டாம் பொத்தான் சிறு திரையில் பக்கத்தின் அடியில் மறைந்து கிடக்குமானால் யாது நிகழும்? கட்டுரை 'வரைவு' என்னும் குறிப்போடு அங்கேயே தங்கும். வரைவுகளை ஏற்பதில்லை என்னும் விதியுள்ள வகுப்பாயின், இரவெல்லாம் விழித்து எழுதியவளும் ஒன்றும் எழுதாதவளும் ஒரே மதிப்பெண் பெறுவர்.

பிழை யாருடையது? 'கவனமாகப் படித்திருக்க வேண்டும்' என்று அவளைக் கடிந்துகொள்ளுதல் எளிது. ஆனால் இவ்வினாவிற்கு வானூர்திகளின் வரலாறு வேறொரு விடை தருகிறது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் பி–17 குண்டுவீச்சு வானூர்திகள் சில, நலமாகத் தரையிறங்கிய பின்னர் ஓடுதளத்திலேயே வயிறு தரையில் படிய வீழ்ந்து சேதமுற்றன. இறக்கையின் பின்புறத் தகடுகளை மடக்க எண்ணிய வானோடிகள், தவறிச் சக்கரங்களை மடக்கிவிட்டனர். ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலறிஞர் இதனை ஆராய்ந்தார். அவர் வானோடிகளைக் குற்றம் சாட்டவில்லை. அவர்கள் அமர்ந்த இருக்கையின் முன்னே இருந்தவற்றை உற்று நோக்கினார். சக்கரத்தை இயக்கும் விசையும் தகட்டை இயக்கும் விசையும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. அவர் ஒன்றன் நுனியில் சிறிய இரப்பர்ச் சக்கரத்தையும், மற்றொன்றில் தகடு போன்ற ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் செய்தார். அதன்பின் தொட்ட மாத்திரத்திலேயே கை இதுவென அறிந்துகொண்டது. தேர்ந்த பலரும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்வாராயின், அப்பிழை கருவியினுள்ளேதான் தங்கியிருக்கிறது. பயன்பாட்டெளிமையை ஆராய்வோர் அனைவரும் இதனை அடிப்படையாகக் கொள்வர்.

இனி, எளிமை என்பது யாது? அனைத்துலகத் தரநிறுவனம் 1998 இல் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. இன்னார், இன்ன சூழலில், இன்ன செயலை முடிக்க முயலும்போது, அதனைச் சரியாக முடிக்கின்றனரா, வீண் உழைப்பின்றி முடிக்கின்றனரா, மனநிறைவோடு முடிக்கின்றனரா என்னும் மூன்றையும் அது கேட்கிறது. 'இன்னார்', 'இன்ன சூழலில்' என்னும் சொற்களை நன்கு கவனியுங்கள். அகன்ற திரையும் விரைந்த இணைப்பும் உடைய அலுவலகத்தில் இனிது இயங்கும் தளம், விலை குறைந்த கைப்பேசியில், இணைப்பு விட்டுவிட்டு வரும் சிற்றூரில் பயன்படாமற் போகலாம். ஆதலின் பயில்வோர் கையில் உள்ள கருவியைக் கொண்டே, அவர்கள் இருக்கும் இடத்திலேயே தளத்தைச் சோதித்தல் வேண்டும். அலுவலகத்திலிருந்தே நற்சான்று வழங்கும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை என்பது வருந்தத்தக்கது.

சோதனைக்குப் பேரளவில் ஆள் திரட்ட வேண்டுவதில்லை. மாணவர் ஐவரை அழைத்து, ஒவ்வொருவராக அமரச் செய்வர். 'இத்தளம் எவ்வாறு உள்ளது?' என்று கேட்டல் கூடாது. பெரியவர் கேட்டால் நம் பிள்ளைகள் 'நன்றாக இருக்கிறது, ஐயா' என்று மரியாதைக்காகவே கூறிவிடுவர். அதற்கு மாறாக ஒரு வேலையைத் தருதல் வேண்டும். 'நேற்றைய அறிவியல் பாடத்தைக் கண்டுபிடி. அதன் இறுதியில் உள்ள வினாவிற்கு விடை எழுதி ஆசிரியருக்கு அனுப்பு' என்று சொல்லிவிட்டு விலகி அமர்தல் வேண்டும். வேலை செய்யும்போது மனத்தில் எழும் எண்ணங்களை வாய்விட்டுச் சொல்லும்படியும் மாணவரை வேண்டிக்கொள்வர். கணினிக் கருவிகளைச் சோதிக்க இம்முறை உதவும் என்பதை, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய கிளேட்டன் லூயிஸ் என்பவர் 1982 இல் எடுத்துரைத்தார். 'அனுப்பிவிட்டேன் என்று நினைக்கிறேன்', 'இந்தப் படம் எதைக் குறிக்கிறதோ தெரியவில்லை' என்பன போன்ற சொற்கள் நூறு படிவங்களை நிரப்பி வாங்கினும் கிடைத்தற்கரிய செய்திகளாம்.

இங்கு நோக்குபவர்க்கு வாய்க்க வேண்டிய பண்பு பொறுமை. மாணவர் பொத்தானைத் தேடித் திணறும்போது, 'அதோ கீழே இருக்கிறது பார்' என்று சொல்ல நா துடிக்கும். ஆசிரியராயின் இன்னும் மிகுதியாகத் துடிக்கும்! சொல்லிவிட்டாலோ அப்போதே சோதனை பாழாகிவிடும். வீட்டில் தனித்திருந்து பயிலும் மாணவருக்கு அருகில் நின்று வழி சொல்ல ஒருவரும் இல்லை அன்றோ?

ஐவர் போதுமோ என்று நீங்கள் ஐயுறலாம். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993 இல் இதற்கொரு கணக்கு வகுத்தனர். அவர்கள் ஆராய்ந்த கருவிகளில், ஒருவரைச் சோதித்தபோது சராசரியாக 100 குறைகளில் 31 வெளிப்பட்டன. இரண்டாமவரும் அக்குறைகளுள் சிலவற்றை மீண்டும் சந்திப்பார். ஆதலின் அவரிடம் புதிதாகத் தோன்றுவன முதலாமவரிடம் கண்டவற்றைவிடக் குறைவு. இவ்வாறு கணக்கிட்டால் ஐந்தாமவர் முடிக்கும்போது ஏறத்தாழ 85 குறைகள் புலனாகிவிடும். ஆகவே ஒரே முறையில் பதினைவரைச் சோதிப்பதைவிட, ஐவரைச் சோதித்துத் திருத்தி, வேறு ஐவரிடம் மீண்டும் தந்து பார்ப்பது நன்று. எல்லாத் தளத்திற்கும் இவ்வெண் பொருந்திவிடும் என்று கொள்ளுதல் பிழை. மாணவர், ஆசிரியர், பெற்றோர் என மூவகையினர் கையாளும் தளமாயின், ஒவ்வொரு வகையிலும் சிலரைத் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

பயனாளர் இன்றி, வல்லுநர் சிலர் தாமே தளத்தை ஆராயும் முறையும் உண்டு. 'இப்போது யாது நிகழ்கிறது என்பதைத் திரை தெளிவாகக் காட்டுகிறதா?', 'தவறு நேர்ந்தால் மீளும் வழி உண்டா?' என்பன போன்ற விதிகளை வைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் பக்கமாக நோக்குவர். இது செலவு குறைந்தது. எனினும் மாணவர் முகத்தில் தோன்றும் குழப்பத்தை இம்முறை காட்டாது.

மனநிறைவை அளக்க ஜான் புரூக் என்னும் ஆங்கிலேயர் 1986 இல் வகுத்த வினாத்தாள் இன்றும் பெரிதும் பயன்படுகிறது. அதில் பத்துக் கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணைக் குறித்தல் வேண்டும்; முற்றிலும் உடன்படுவோர் 5 என்றும், சிறிதும் உடன்படாதோர் 1 என்றும் குறிப்பர். ஒற்றைப்படைக் கூற்றுகள் கருவியைப் புகழ்வன. இரட்டைப்படைக் கூற்றுகள் பழிப்பன. படியாமலே ஒரே எண்ணை வரிசையாகக் குறித்துச் செல்வோரை இவ்வமைப்புக் காட்டிக்கொடுத்துவிடும். புகழும் கூற்றுக்குக் குறித்த எண்ணிலிருந்து 1 கழிக்க வேண்டும். பழிக்கும் கூற்றுக்குக் குறித்த எண்ணை 5 இலிருந்து கழிக்க வேண்டும். அவற்றின் கூட்டுத்தொகையை 2.5 ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரையில் ஓர் எண் கிடைக்கும். மாணவர் ஒருவர் புகழ்வனவற்றிற்கெல்லாம் 4, பழிப்பனவற்றிற்கெல்லாம் 2 என்று குறித்தால், ஒவ்வொன்றும் 3 ஆகிக் கூட்டுத்தொகை 30 ஆகும், பெருக்கினால் 75. பலநூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரி 68 எனத் தெரியவந்துள்ளது. எனவே 50 பெற்ற தளம் பாதிக் கிணறு தாண்டிவிட்டது என்று எண்ணலாகாது. அது சராசரிக்கும் கீழே நிற்கிறது. இவ்வெண் நோய் உண்டு என்பதைக் கூறும். எங்கே என்பதைக் கூறாது. இடத்தை அறிய ஐவரின் தடுமாற்றத்தையே நோக்குதல் வேண்டும்.

பார்வையற்ற மாணவரையும் மறத்தலாகாது. திரையில் உள்ளவற்றைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றான என்.வி.டி.ஏ.வை 2006 இல் உருவாக்கத் தொடங்கிய மைக்கேல் கர்ரன் பார்வையற்றவரே. ஆனால் படமாக மட்டும் வரைந்த பொத்தானுக்குத் தளத்தை அமைப்போர் சொல்லால் பெயரிடாவிடின், அம்மென்பொருள் எதனைப் படிக்கும்?

ஒன்றனை மட்டும் இங்கு வேறுபடுத்திக் காணல் வேண்டும். தளம் எளிதாயிருப்பதனால் பாடம் எளிதாகிவிடாது, ஆகவும் வேண்டுவதில்லை. கணக்கில் முட்டி மோதி விடை காணும் முயற்சி மூளைக்கு உரம் தருவது. கணக்கு எந்தப் பக்கத்தில் உள்ளது என்று தேடித் திரியும் முயற்சியோ வீண். முன்னதைக் காத்துப் பின்னதை நீக்குவதே மதிப்பீட்டின் வேலை. மாணவர் தளத்தை விரைந்து கையாண்டனர் என்பதைக் கொண்டு அவர்கள் பாடத்தைக் கற்றுவிட்டனர் என்று முடிவு செய்வோர், ஓர் அளவுகோலால் இரண்டினை அளக்கின்றனர். கற்றதனை அறியத் தனியே தேர்வு வைத்தல் வேண்டும்.

வரைவாகத் தங்கிய கட்டுரையின் நிலையை மாற்ற இயலும். 'உன் கட்டுரை இன்னும் ஆசிரியருக்குச் சமர்ப்பிக்கப்படவில்லை' என்னும் வரியைப் பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் இட்டு, அதன் அருகிலேயே 'சமர்ப்பி' பொத்தானை வைக்கலாம். வரைவே வேண்டாத வகுப்பில் அவ்வேற்பாட்டை ஆசிரியர் விலக்கியும் விடலாம். பின்னர் முன்பு வாராத ஐவரை அழைத்து, அதே வேலையைத் தந்து, மீண்டும் வாய்மூடி அமர்தல் வேண்டும். அடுத்த கெடுநாள் கடந்தபின் எத்தனைக் கட்டுரைகள் வரைவாகவே நிற்கின்றன என்று எண்ணி, முந்திய மாதத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மாற்றம் பயன் தந்ததா என்பது தெரிந்துவிடும்.