செலவு ஏறியது, ஆயுள் இறங்கியது

வைத்தியத்துக்குப் பணம் செலவிடுவதில் அமெரிக்காவை மிஞ்சிய தேசம் உலகில் வேறெதுவும் இல்லை. 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டார் இதற்கெனச் செலவிட்ட தொகை 4.9 லட்சம் கோடி டாலர். தலைக்கு 14,570 டாலர் வீதம் ஆகிறது. தேசத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 17.6 பங்கை இந்த ஒரு இனமே விழுங்கிவிட்டது. 1960-ல் இது நூற்றுக்கு 5 பங்காக இருந்தது.

இவ்வளவு கொட்டிக் கொடுக்கும் தேசத்தில் மனிதன் எத்தனை காலம் வாழ்கிறான் என்று கேட்பது இயல்பேயாகும். 2014-ல் 78.9 ஆண்டாக இருந்த சராசரி ஆயுள் 2017-ல் 78.6 ஆயிற்று. அற்பக் குறைவுதானே என்று நேயர்கள் எண்ணலாம். ஆனால் பஞ்சமோ கொள்ளைநோயோ இல்லாத நாட்களில், செல்வம் பெருகிக்கொண்டிருந்த காலத்தில், ஆயுள் குறைந்ததென்பது சாமானிய விஷயமன்று. முதல் மகாயுத்தமும் விஷஜுரமும் சேர்ந்து வாட்டிய 1918-க்குப் பிறகு, இவ்வளவு நீடித்த இறக்கத்தை அந்நாடு கண்டதில்லை. அப்புறம் கொரோனா வந்தது. 2020-ல் 77.0, 2021-ல் 76.4 என்று ஆயுள் சரிந்தது. மேற்கு ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலானவை 2021-லேயே நிமிரத் தொடங்கின. தடுப்பூசியை முந்தி முந்திச் செய்த அமெரிக்காவோ அந்த ஆண்டிலும் கீழேயே சென்றது. 2023-ல் 78.4 வரை மீண்டது உண்மையே. ஆயினும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நின்ற படியை அது அந்த ஆண்டிலும் எட்டவில்லை. ஜப்பானியர் 84 வயது வாழ்கின்றனர்.

சராசரி ஆயுள் என்னும் கணக்கு எவ்வாறு ஏற்படுகிறது என்பதைக் கவனித்தால் இந்தப் புதிரில் பாதி விடுபடும். எண்பத்தைந்து வயது முதியவர் ஒருவரை லட்சம் டாலர் செலவில் ஆறு மாதம் கூடுதலாக வாழவைத்தால், கணக்கில் அரை ஆண்டு வரவாகிறது. முப்பது வயது வாலிபன் ஒருவன் மாண்டால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பற்றாகின்றன. அந்த ஒரு பற்றை நேர்செய்ய நூறு முதியவர்களுக்கு ஆறாறு மாதம் ஆயுளை நீட்டியாக வேண்டும்! முதியவர்களைக் காப்பது வீண் என்று நாம் சொல்லவில்லை. அந்த வேலையில் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் வெகு சமர்த்தானவை. எண்பது வயதைக் கடந்தவர்கள் விஷயத்தில் அந்நாடு பிற செல்வ நாடுகளுக்கு அதிகம் பின்தங்கியிருக்கவில்லை. எண்பதை எட்டுமுன் மடிகிறவர்களால்தான் கணக்கு கவிழ்கிறது.

அவர்கள் எப்படி மடிகின்றனர்? 2021-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். மயக்க மருந்துகளையும் போதை வஸ்துக்களையும் அளவுக்கு மீறி உட்கொண்டு மாண்டவர்கள் 1 லட்சத்து 6 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். துப்பாக்கிக் குண்டுக்கு இரையானோர் 48,830 பேர். தெருவில் வாகனங்களால் செத்தவர்கள் சுமார் 43,000 பேர். ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளின் சாவுக்கு முதற் காரணமாக 2020-லேயே துப்பாக்கி முன்னுக்கு வந்துவிட்டது. பிரசவத்தையொட்டி இறந்த தாய்மார்கள் லட்சத்துக்கு 32.9 பேர், நீக்ரோவர் என்று முன்னாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களிடையே 69.9 பேர். பல செல்வ நாடுகளில் இந்த எண்ணிக்கை பத்தைக்கூட எட்டுவதில்லை. தாய்மார்களின் சாவு அடுத்த ஆண்டில் 22.3 ஆகக் குறைந்தது என்பதையும் சொல்லவேண்டும். குறைந்த பிறகும் அது வெட்கப்படத்தக்க எண்ணே.

மாத்திரைகளின் கதையை மாத்திரம் சற்று விரித்துக் கூறுவது அவசியம். பர்டூ பார்மா என்ற கம்பெனி 1996-ல் ஆக்ஸிகான்டின் என்னும் வலிநிவாரண மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அபினியின் வர்க்கத்தைச் சேர்ந்தது இது. உடலில் மெள்ள மெள்ளக் கரைவதால் இதற்கு அடிமையாகும் அபாயம் குறைவு என்று வைத்தியர்களிடம் பிரசாரம் செய்தார்கள். அந்தப் பிரசாரம் பொய் என்று 2007-ல் கோர்ட்டில் கம்பெனியே குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 60 கோடி டாலர் கட்டிற்று. கட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தது! மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கப் பிரதேசத்தில் வில்லியம்ஸன் என்றொரு சிற்றூர் உண்டு. ஜனத்தொகை சுமார் மூவாயிரம். 2006 முதல் 2016 வரை அவ்வூரின் இரண்டு மருந்துக் கடைகளுக்குப் பல கம்பெனிகள் அனுப்பிய இத்தகைய மாத்திரைகள் 2 கோடியே 8 லட்சம் என்று அமெரிக்கப் பிரதிநிதி சபையின் கமிட்டியொன்று 2018-ல் வெளியிட்டது. பால்குடிக் குழந்தையையும் சேர்த்துப் பங்கிட்டால் ஆளுக்கு ஏழாயிரத்துக்குச் சமீபமாக வருகிறது. இம்மாத்திரைகளுக்குச் சீட்டு எழுதிய வைத்தியரின் கட்டணமும், கடைக்காரருக்குப் போன விலையும், பின்னர் மயங்கி விழுந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஆன செலவும் எந்தக் கணக்கில் ஏறின? தேசத்தின் வைத்தியச் செலவு என்ற அதே கணக்கில்தான். செலவு மிகுந்தும் ஆயுள் குறைகிறதே என்று வியப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இந்தச் சாவுகள் எல்லாரையும் ஒன்றுபோலத் தாக்கவில்லை. பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் பொருளாதார நிபுணர்களான ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் தம்பதிகள் 2015-ல் ஒரு விபரீதத்தை எடுத்துக்காட்டினர். நடுத்தர வயது வெள்ளையரின் மரண விகிதம் மற்ற செல்வ நாடுகளில் குறைந்துவர, அமெரிக்காவில் ஏறிக்கொண்டிருந்தது. ஏற்றம் பெரும்பாலும் கல்லூரிப் படிப்பில்லாத தொழிலாளரிடையே காணப்பட்டது. போதை, குடி, தற்கொலை ஆகிய மூன்றே அதற்கு முக்கிய காரணங்கள். வேலையும் கௌரவமும் போனவர்களின் சாவு இது என்பது அவர்கள் முடிவு. அதைவிட முக்கியமாக நமக்குப் படுவது அவர்கள் கூறும் இன்னொரு விஷயம். வேலை போனதற்கே வைத்தியச் செலவும் ஒரு காரணம் என்கின்றனர்.

அது எப்படி? 1942-ல் யுத்தத்தை முன்னிட்டுச் சம்பள உயர்வுக்குச் சர்க்கார் தடை போட்டது. ஆட்களை இழுக்க விரும்பிய முதலாளிகள் சம்பளத்துக்குப் பதிலாக வைத்திய இன்ஷூரன்ஸ் கொடுக்கலானார்கள். தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாயிற்று. 1945 நவம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் தேசம் முழுவதற்கும் பொதுவான இன்ஷூரன்ஸ் வேண்டுமென்று காங்கிரஸைக் கேட்டார். வைத்தியர் சங்கம் அதைச் சமதர்ம வைத்தியம் என்று தூற்றிக் கவிழ்த்துவிட்டது. பிரிட்டனோ யுத்தத்தில் நொடித்துக் கிடந்த நிலையிலும் 1948 ஜூலை 5-ல் எல்லாருக்கும் இலவச வைத்தியத்தை ஆரம்பித்தது. முதியவருக்கும் ஏழைகளுக்கும் 1965-ல் அமெரிக்கா வழி செய்தது. மற்றவர்கள் முதலாளியின் தயவிலேயே விடப்பட்டனர். 2023-ல் ஒரு குடும்பத்துக்கு இவ்வகை இன்ஷூரன்ஸின் சராசரி வருஷக் கட்டணம் ஏறக்குறைய 24,000 டாலர். மானேஜருக்கும் அதே தொகை, கூட்டித் துடைப்பவருக்கும் அதே தொகை! மானேஜரின் சம்பளத்தில் அது ஒரு சிறு பகுதி. துடைப்பவர் விஷயத்தில் சம்பளத்தில் பெரும் பகுதிக்கு நிகராகிவிடுகிறது. எனவே முதலாளி அவரை நீக்கிவிட்டுக் காண்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைக்கிறார். நோய் தீர்க்க ஏற்பட்ட செலவு இவ்விதம் ஜீவனத்தைப் பறிக்கிறது. 2023-ல் எவ்வித இன்ஷூரன்ஸும் இல்லாதவர்கள் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் பேடண்ட் உரிமையை 1923-ல் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரண்டோ சர்வகலாசாலைக்குக் கொடுத்தார்கள். இன்சுலினில் ஹுமலாக் என்ற ஒரு வகை, அமெரிக்காவில் புட்டி ஒன்றுக்கு 1999-ல் 21 டாலர். 2019-ல் 332 டாலர். விலைக்கு அஞ்சி மருந்தைக் குறைத்துப் போட்டுக்கொண்டு இறந்தவர்களும் உண்டு. 2022-ல் இயற்றிய சட்டத்தினால் முதியவர்களுக்கு மாதம் 35 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். சர்க்கார் மனம் வைத்தால் ஆகாதது எதுவுமில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

மத்திய அமெரிக்காவில் காஸ்டா ரிகா என்ற சிறு தேசம், 1949-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே சேனை வேண்டாமென்று எழுதி வைத்துக்கொண்டது. அதற்கு முன்பே, 1941-ல், சமூக இன்ஷூரன்ஸை ஏற்படுத்தியிருந்தது. 1990-களின் மத்தியிலிருந்து, சுமார் நாலாயிரம் ஜனங்களுக்கு ஒரு வைத்தியர், ஒரு நர்ஸ், வீடு வீடாகச் சென்று விசாரிக்க ஓர் ஊழியர் என்று குழுக்களை அமைத்தது. இரத்த அழுத்தம், கர்ப்பிணியின் நிலை, குழந்தையின் ஊசி எல்லாம் வாசலிலேயே கவனிக்கப்படுகின்றன. தலைக்கு அமெரிக்கா செலவிடுவதில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே ஆவதில்லை. 2019-ல், அதாவது கொரோனாவுக்கு முன்பே, காஸ்டா ரிகாவின் சராசரி ஆயுள் அமெரிக்காவினதைவிடச் சற்று அதிகமாக இருந்தது.

அமெரிக்காவில் நல்லவை நடக்கவில்லை என்று நாம் கூறமாட்டோம். போதைச் சாவுகள் 2024-ல் வெகுவாகக் குறைந்தன. மயக்கத்தை முறிக்கும் மருந்து எளிதில் கிடைக்கச் செய்ததும், அடிமைப்பட்டோர் பலருக்குச் சிகிச்சைக்கு வழி பிறந்ததும் அதற்கு உதவின என்று கருதப்படுகிறது. அச்சிகிச்சைக்குப் பெரும்பகுதிப் பணம் கொடுப்பது ஏழைகளுக்காக 1965-ல் ஏற்பட்ட மெடிகெய்ட் திட்டமே. அதில் பெருந்தொகையை வெட்டும் மசோதா 2025 ஜூலை 4-ந் தேதி ஜனாதிபதியின் கையெழுத்தைப் பெற்றுச் சட்டமாகியது. 2034-க்குள் மேலும் சுமார் ஒரு கோடிப் பேர் இன்ஷூரன்ஸ் இல்லாதவராவார்கள் என்று காங்கிரஸின் சொந்த பட்ஜெட் காரியாலயமே மதிப்பிட்டிருக்கிறது.