சினைத்திறனும் மரபணுவும்

தகவல் துளி! பாகூர், வில்லியனூர் பக்கம் கறவை மாடு வளர்க்கும் நேயர்களே! சினை ஊசி போட்டும் மாடு சினை பிடிக்கவில்லையென்றால், அடுத்த பருவத்துக்குச் சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும். தீவனச் செலவு மட்டும் காத்திருக்காது.

சினைத்திறனை ஒரே ஒரு மரபணு முடிவு செய்வதில்லை. ஏராளமான மரபணுக்களுக்கு அதில் சிறுசிறு பங்கு உண்டு. தீவனம், வெயில், பராமரிப்பு ஆகியவற்றின் பங்கு இன்னும் பெரிது. ஆகவே தாய்ப்பசுவை மட்டும் பார்த்து கிடேரியின் சினைத்திறனைக் கணிப்பது கடினம்.

ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. அடையாளங்களை ஒரே சோதனையில் படிக்கும் மரபணு சிப் இதற்குக் கைகொடுக்கிறது. மாட்டின் மரபணுத் தொகுதி 2009-இல் வெளியானது. நம் நாட்டு மாடுகளுக்கான 'கௌ சிப்' 2024 அக்டோபரில் அறிமுகமானது. இளங்கன்றின் ரத்தத்துளி அல்லது ரோம வேரிலிருந்தே அதன் மரபுத்திறனை மதிப்பிடலாம்.

ஆனால், அந்த மதிப்பீட்டுக்கு அடித்தளம் உங்கள் கொட்டகைக் கணக்குதான். பருவத்துக்கு வந்த நாள், ஊசி போட்ட நாள், கன்று ஈன்ற நாள் மூன்றையும் தவறாமல் எழுதி வையுங்கள். சினை பிடிக்காத மாட்டை விற்கும் முன், கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். புதுவை குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.