மீன் தொட்டியில் பற்றீரியா நோய்: மருந்துக்கு முன் நீர்

கல்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலுள்ள கண்டக்குழி மணற்பாங்கான பூமியாகும். இக்குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் பிற மரக்கறிகளும் பெரும்பாலும் கிணற்று நீரைக் கொண்டே செய்கை பண்ணப்படுகின்றன. அந்நீரையே வீட்டிலுள்ள கண்ணாடித் தொட்டிக்கும் மொண்டு ஊற்றுவதுண்டு. கப்பி, பொன்மீன் முதலியவற்றை அழகுக்காகவோ சிறு வருவாய்க்காகவோ வளர்ப்போர், அவை நோயுற்றவுடன் மருந்தைத் தேடுகின்றனர். முதலில் நோக்கவேண்டியது நீரேயாகும்.

நோய்க்குக் காரணம்

தக்காளியையும் கத்தரியையும் வாட்டும் பற்றீரியா மண்ணிலேயே தங்கியிருந்து, ஈரமும் வெப்பமும் மிகும்போது பயிரைத் தாக்குவதைக் கமக்காரர் அறிவர். மீனின் நோயும் அத்தகையதே. புண்ணை உண்டாக்கும் எரோமோனாசு என்னும் பற்றீரியா நன்னீரில் இயல்பாகவே உண்டு. மீன் நலிவுறும் வரை அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை.

மீனை நலிவுறச் செய்வது பெரும்பாலும் அமோனியாவாகும். மீனின் கழிவும் தின்னாது எஞ்சிய உணவும் அமோனியாவைத் தருகின்றன. நன்மை செய்யும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. வயலிலிட்ட யூரியா மண்ணில் அடையும் மாற்றமும் இதுவே. புதிய தொட்டியில் இந்நற்பற்றீரியாக்கள் பெருகுவதற்குச் சில வாரங்கள் செல்லும். அதற்குள் மீன்களை நெருக்கமாக விடுவது கேட்டை விளைவிக்கும்.

அறிகுறிகள்

செட்டை ஓரம் வெளுத்துக் கிழிதல், உடலில் செம்புண் தோன்றல், வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்து நிற்றல், உணவை வெறுத்தல் ஆகியன பொதுவான குறிகள். வாயிலும் முதுகிலும் பஞ்சு போன்ற வெண்படலம் காணப்படின் அதனைப் பூஞ்சணம் என்று பலர் எண்ணுவர். பல வேளைகளில் அதுவும் பற்றீரியாவே. வெப்பமான நீரில் அது விரைந்து கொல்லும். ஆதலால் தொட்டியை வெயிற்படாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

முதற் சிகிச்சை

நோயுற்ற மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றுக. பழைய தொட்டியின் நீரில் மூன்றிலொரு பங்கை அகற்றி, அதே வெப்பநிலையுள்ள தூய நீரை விடுக. வடிகட்டியைச் சவர்க்காரமிட்டுக் கழுவலாகாது. அகற்றிய தொட்டி நீரிலேயே அலசுதல் நன்று. அவ்வாறு செய்தால் நற்பற்றீரியாக்கள் அழியமாட்டா.

நோயுற்ற மீனின் நீருக்கு, லீற்றருக்கு 2 கிராம் வீதம் அயடீன் சேராத உப்பு இடலாம். 20 லீற்றர் நீருக்கு 40 கிராம் போதும். உப்பை முதலிற் கரைத்து, அரை நாளில் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். ஆவியாகும் நீருடன் உப்பு போவதில்லை. ஆகவே குறைந்த அளவைத் தூய நீரால் மட்டுமே நிரப்புக. கப்பியும் பொன்மீனும் இவ்வளவைத் தாங்கும். செதிலற்ற மீன்களும் நீர்ச்செடிகளும் தாங்குவது அரிது. உப்பு தொடக்க நோய்க்கே துணையாகும். முற்றிய நோயை அது தீர்க்காது.

நுண்ணுயிர்கொல்லி

நோய் முற்றின் மிருக வைத்தியரின் ஆலோசனைப்படியே நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்தல் வேண்டும். வீட்டில் எஞ்சிய மனித மருந்தைத் தொட்டியில் தூவுவது தவறு. டெற்றாசைக்கிளின் வகை மருந்தைக் கடின நீரிற் கரைத்தால், சுண்ணாம்புச் சத்து அதனைப் பற்றிக்கொள்வதனால் பயன் குன்றும். மீன் உண்ணும் நிலையிலிருப்பின் உணவிற் கலந்து கொடுப்பதே சிறந்தது. குறைந்த அளவிற் கொடுப்பதாலும் இடையில் நிறுத்துவதாலும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகும்.

1996 ஆம் ஆண்டில் புத்தளம் மாவட்ட இறால் பண்ணைகளைப் பெருநட்டத்துக்குள்ளாக்கிய வெண்புள்ளி நோய் வைரசினால் வந்தது. வைரசை நுண்ணுயிர்கொல்லி தீண்டாது. நோயின் காரணத்தை அறியாமல் மருந்திடுவது வீண் செலவாகும். பல பண்ணைகள் ஒரே நீர்வழியிலிருந்து நீரை எடுத்து, கழிவு நீரையும் அதிலேயே விட்டமை அந்நோய் பரவ ஏதுவாயிற்று.

கிணற்றைக் காத்தல்

மணல் நிலம் மேலிருந்து ஊற்றியதை விரைவில் நிலநீருக்குக் கொண்டுசெல்லும். கல்பிட்டியில் 1980களில் நடைபெற்ற ஆய்வுகள், மரக்கறித் தோட்டங்களுக்கு இட்ட பசளையினால் நிலநீரில் நைத்திரேற்று மிகுந்திருந்ததைக் காட்டின. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை உலக சுகாதார நிறுவனம் எல்லையாகக் கொள்கின்றது. எனவே மீனுக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்காகவும் கிணற்று நீரைப் பரிசோதித்தல் நன்று.

மருந்திட்ட நீரைக் கிணற்றருகே ஊற்றலாகாது. உப்பிட்ட நீர் பாத்திக்கு உதவாது. மருந்தும் உப்பும் சேராத பழைய தொட்டி நீரைச் செடியின் அடியில் ஊற்றலாம். அதிலுள்ள நைத்திரேற்று பயிருக்குப் பசளையாகும்.

வருமுன் காத்தல்

புதிய மீனை மூன்று வாரங்கள் தனியே வைத்து, பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க. சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே உணவிடுக. கிருமிநாசினி கலந்த வாளியைத் தொட்டிக்கு எடுக்கவே கூடாது. அதன் சிறு எச்சமும் மீனைக் கொல்லும். கையிற் காயமிருப்பின் தொட்டி நீரைத் தொடாதிருத்தல் வேண்டும். மீனைத் தாக்கும் ஒருவகைக் காச பற்றீரியா மனிதரின் தோலிலும் ஆறாப் புண்ணை உண்டாக்கும். அத்தகைய புண் தோன்றின், மீன் வளர்ப்பதை வைத்தியரிடம் தவறாது கூறுக.

மண்ணைப் பேணுபவனுக்குப் பயிர் நிலைப்பது போல, நீரைப் பேணுபவனுக்கு மீன் நிலைக்கும். அந்நீர் ஊறும் கிணறோ அயலவர்க்கும் பொதுவான நிலநீரிலிருந்தே ஊறுகின்றது.