கடையில் மகளுக்கும் பங்கு உண்டு
வணிகக் குடும்பங்கள் அறிய வேண்டிய வாரிசுரிமைச் சட்டம்

மண்டிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவு, வாடிக்கைக்காரர்களிடமிருந்து வர வேண்டியது எவ்வளவு என்று கேட்டால் நம் வணிகர்கள் பேரேட்டைப் புரட்டாமலே சொல்வார்கள். ஆனால் "உங்களுக்குப் பிறகு கடை யாருக்கு?" என்று கேட்டால், "பையன்கள்தானே பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்குத்தான்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். "பெண்ணுக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்துவிட்டோமே" என்பதும் வழக்கமான பதில். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சீர்வரிசை கொடுத்ததனால் மகளின் சொத்துரிமை போய்விடாது.

சட்டம் மாறி வந்த வழி

1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், ஒருவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. ஆனால் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் பிறப்பினால் வரும் உரிமை ஆண்மக்களிடமே இருந்தது. தமிழ்நாடு இதை மாற்றி, 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் அந்த உரிமையை வழங்கியது. எனினும் அந்தத் தேதிக்கு முன் திருமணமான பெண்களுக்கு அது கிடைக்கவில்லை.

மத்திய அரசின் திருத்தச் சட்டம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடு அதோடு நீங்கியது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் மட்டும் பல ஆண்டுகள் நீடித்தது. உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் அதைத் தீர்த்து வைத்தது. மகளின் உரிமை பிறப்பினால் வருவது. தகப்பனார் அன்று உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பு.

2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த விற்பனையும் பாகப்பிரிவினையும் இதனால் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் "அப்போதே வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டோம்" என்று சொன்னால் மட்டும் நீதிமன்றம் ஏற்காது. பதிவு செய்த பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ வேண்டும். வாய்மொழிப் பாகம் என்றால், அரசு ஆவணங்களின் உறுதியான ஆதாரம் இருந்தால்தான், அதுவும் அரிதாகவே, ஏற்கப்படும்.

ஒரு கணக்கு

ஒரு கடைக்காரருக்கு மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். கடைக் கட்டடத்தின் மதிப்பு 32 லட்சம் ரூபாய். அவர் உயில் எழுதாமல் காலமாகிறார்.

கட்டடம் அவர் சொந்தமாக வாங்கியது என்றால் நால்வருக்கும் சமமாக ஆளுக்கு 8 லட்சம். அவருடைய தாயார் உயிருடன் இருந்தால் அவரும் சமபங்கு பெறுவார்.

அதுவே கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. முதலில் தகப்பனாருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 8 லட்சம் என்று பிரிந்ததாகக் கொள்ள வேண்டும். பிறகு தகப்பனாரின் 8 லட்சம் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 2 லட்சமாகப் பிரியும். ஆக, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 10 லட்சம். மனைவிக்கு வெறும் 2 லட்சம். காலமெல்லாம் கடைக்கும் வீட்டுக்கும் உழைத்த இல்லத்தரசியின் நிலை இது. உயில் எழுதாமல் விடுவதால் முதலில் பாதிக்கப்படுபவர் அவர்தான்.

தகப்பனாரிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. 1956-க்குப் பின் காலமான தகப்பனாரின் சுயார்ஜிதம் வாரிசு முறையில் மகனுக்கு வந்தால், அது மகனின் தனிச் சொத்தாகவே கருதப்படும்.

உழைத்த மகனுக்கு என்ன?

இருபது வருடம் கல்லாவில் இருந்த மகனுக்கும் வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கும் ஒரே பங்குதானா? எழுத்தில் எதுவும் இல்லையென்றால் ஒரே பங்குதான். உழைத்தவருக்குக் கூடுதல் பங்கு என்று வாரிசுரிமைச் சட்டத்தில் இல்லை. அவரைக் காலத்தோடு பங்குதாரராகச் சேர்த்துப் பத்திரம் எழுதுவது தகப்பனாரின் பொறுப்பு.

பாக்கி யாருடையது?

சொத்தில் பங்கு பெறும் வாரிசுகள், தாங்கள் பெற்ற சொத்தின் அளவுக்கு இறந்தவரின் கடனுக்கும் பொறுப்பாவார்கள். தகப்பன் கடனுக்கு, மகன் என்பதற்காகவே கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒருவருக்குள்ள பங்கைப் பொறுப்பாக்கும் பழைய விதி, 2005 திருத்தத்துக்குப் பின் வாங்கிய கடன்களுக்கு இல்லை. கடனுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரிகள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போதே செய்ய வேண்டியவை

1. கடை, வீடு, மனை ஒவ்வொன்றும் பூர்வீகமா, சுயார்ஜிதமா என்று பத்திரங்களைப் பார்த்துப் பட்டியல் எழுதுங்கள்.

2. உயில் எழுதுங்கள். சுயார்ஜிதம் முழுவதையும், பூர்வீகச் சொத்தில் தம் பங்கையும் உயில் மூலம் கொடுக்கலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்து வைப்பது நல்லது.

3. கூட்டு வியாபாரமானால், ஒருவர் மறைந்தாலும் மற்றவர்கள் தொடரலாம் என்று பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருவர் மட்டுமே பங்குதாரர்கள் என்றால், ஒருவர் மறைந்ததும் கூட்டு கலைந்துவிடும்.

4. வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

5. தனி உரிமையாளர் காலமானால், கடையைத் தொடர்பவர் தம் பெயரில் புதிய ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டும்.

6. மகள் மனமுவந்து தம் பங்கை விட்டுக்கொடுத்தால், அதைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக்குங்கள். வெள்ளைத்தாளில் வாங்கும் கையெழுத்து பயன்படாது.

இங்கே சொன்னவை இந்து, சீக்கிய, ஜைன, பௌத்தக் குடும்பங்களுக்குப் பொருந்தும். இஸ்லாமிய, கிறிஸ்தவ அன்பர்களுக்கு வேறு சட்டங்கள் உண்டு. எந்தப் பத்திரத்தையும் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே எழுதுங்கள்.

மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே முடியக்கூடிய விஷயம் இது. மறைத்து வைத்தால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வக்கீல் நோட்டீஸ் வரும். வழக்கு முடியும் வரை கடையை விற்பதும், அடமானம் வைத்துக் கடன் வாங்குவதும் கடினம். வருடக் கணக்கு முடிக்கும்போது இருப்பு எடுப்பது போல, இந்த வருடம் குடும்பக் கணக்கையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.