எண்ணெய் சிந்திய மண்ணும் கிணற்று நீரும்

நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்து, அங்கேயே அதற்கு எண்ணெய் வார்ப்பது கமக்காரரிடையே உள்ள வழக்கம். ஒவ்வொரு முறையும் சிந்துவது சிறிதே. ஆயினும் அது விழும் இடம், உங்கள் பயிருக்கும் குடும்பத்துக்கும் நீர் தரும் இடமாகும்.

மண்ணெண்ணெயும் டீசலும் நீரிலும் இலேசானவை. மண்ணில் விழுந்த எண்ணெயின் ஒரு பகுதியை மண் பற்றிக்கொள்ளும். எஞ்சியது கீழிறங்கி நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். எரிபொருளிலுள்ள பென்சீன் போன்ற பொருள்கள் நீரிற் கரையும். பென்சீன் புற்றுநோயை விளைவிக்கவல்லது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் நிறைந்திருப்பதால், ஒரு தோட்டத்தில் விழுந்த மாசு அயலவர் கிணற்றையும் சென்றடையலாம். சுன்னாகத்தில் மண்ணும் நிலத்தடி நீரும் எண்ணெயால் மாசுற்றமை தொடர்பான வழக்கில், அங்குள்ளோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு மின் உற்பத்தி நிறுவனமொன்றுக்கு 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. இழப்பீடு கிடைத்தாலும் கெட்ட நீர் உடனே நன்னீராகிவிடாது. ஆகையால் எண்ணெயை மண்ணிலேயே தடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

கண்டறியும் முறை

நீரின் மேல் வானவில் நிறப் படலம் காணப்பட்டால் அதை ஒரு குச்சியாற் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து நின்றால், அது பெரும்பாலும் இரும்புச் சத்தால் உண்டான படலம். கலைந்தபின் மீண்டும் ஒன்றுசேர்ந்தால் அது எண்ணெய். படலம் இல்லாவிட்டாலும் நீரில் எண்ணெய் மணம் இருந்தால் ஐயுற வேண்டும்.

மண்ணைச் சோதிப்பதற்கு, எண்ணெய் சிந்திய இடத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி இரண்டு அடிக்கு ஒரு குழியாகத் தோண்டுங்கள். ஒவ்வொரு குழியிலும் எடுத்த ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் நீருடன் குலுக்கி வையுங்கள். படலம் தோன்றும் எல்லைவரை மண் மாசுற்றுள்ளது.

உடனே செய்ய வேண்டியவை

சிந்திய எண்ணெயை நீரூற்றிக் கழுவாதீர்கள்; சவர்க்காரத் தூளும் இடாதீர்கள். இவை எண்ணெயை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும். நெருப்பு அண்டாமற் காத்து, மரத்தூளையோ உலர்ந்த மண்ணையோ தூவி எண்ணெயை ஊறவைத்து அகற்றுங்கள். வயலில் நீர் நிற்கையில் எண்ணெய் விழுந்தால், வாய்க்கடையை அடைத்து, வைக்கோற் கட்டுகளால் ஒற்றியெடுங்கள்.

மண்ணைத் திருத்தும் முறை

மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் எண்ணெயை உணவாகக் கொள்ளும். அவற்றுக்குக் காற்றும் ஈரமும் நைதரசனும் வேண்டும். மாசுற்ற மண்ணை அகழ்ந்து, கிணற்றுக்குத் தொலைவில் தடித்த பொலித்தீன் விரிப்பின்மேல் ஓரடி உயரத்துக்கு மிகாமற் பரப்புங்கள். நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய சாணம் கலந்து, வாரந்தோறும் புரட்டி, ஈரம் காயாமற் பேணுங்கள். மழையில் நனையாதபடி மூடிவையுங்கள். டீசல் கலந்த மண் திருந்தப் பல மாதங்கள் செல்லும். இயந்திரக் கழிவு எண்ணெய்க்கு அதனினும் நீண்ட காலம் வேண்டும்.

பின்னர் இம்மண்ணை ஒரு சட்டியிலும் நல்ல மண்ணை வேறொரு சட்டியிலும் இட்டுப் பயறு விதையுங்கள். இரண்டிலும் ஒத்து முளைத்து வளர்ந்தால் மண் தேறி வருகிறது எனலாம். எனினும் ஆய்வுகூடச் சோதனையின்றி அதிற் கீரையோ கிழங்கோ பயிரிட வேண்டாம்.

கிணற்று நீர் கெட்டால்

அந்நீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் உடனே நிறுத்துங்கள். கொதிக்க வைத்தலும் குளோரின் இடுதலும் எண்ணெயை நீக்கமாட்டா. அந்நீரைப் பயிருக்கும் இறைக்காதீர்கள். கடுமையாக இறைத்தால் நீர்மட்டம் தாழ, மிதக்கும் எண்ணெயும் தாழ்ந்து கீழுள்ள கல்லிலும் படியும். சுத்தமான கண்ணாடிப் போத்தலில் காற்றிடம் இன்றி நீரை நிரப்பி மூடி, குளிராக வைத்து, தாமதியாது சோதனைக்கு அனுப்புங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அயலவருக்கும் அறிவியுங்கள். வெட்கத்தால் மறைப்பது அயல்வீட்டுக் குழந்தைக்குத் தீங்காகும்.

இயந்திரத்தின்கீழ் ஒரு தகரத் தட்டை வைப்பதும், எண்ணெயைக் கிணற்றுக்கு அப்பால் வைத்து வார்ப்பதும் சிறு வேலைகளே. அவற்றை இன்றே செய்யுங்கள்.