வீடு வாங்குவோரின் அச்சமும் ஊர்தியில் குடியிருப்போரின் நிலையும்: அமெரிக்க மேற்குக் கரை நகரங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க மேற்குக் கரை நகரங்களில் மகிழுந்து, வேன், வீட்டு ஊர்தி ஆகியவற்றிலேயே தங்கி வாழ்வோர் தெருவோரங்களில் காணப்படுகின்றனர். அத்தெருக்களில் வீடு வாங்குவோர் தம் சொத்து மதிப்பு, தூய்மை, பாதுகாப்பு ஆகியவை குறித்து அஞ்சுகின்றனர். இவ்வச்சம் ஒற்றைத்தன்மை உடையதன்று. வெவ்வேறு தீர்வுகளைக் கோரும் பல கூறுகளின் தொகுப்பு ஆகும். அக்கூறுகளைப் பிரித்தறியாமல் ‘ஊர்தியில் வாழ்தல்’ என்னும் நிலையையே தடைசெய்ய முற்பட்ட சட்டங்கள் ஊர்திகளை இடம்பெயரச் செய்தனவேயன்றி அச்சத்தின் காரணத்தை நீக்கவில்லை என்பதை இக்கட்டுரை நீதிமன்றத் தீர்ப்புகளின்வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஊர்திக் குடியிருப்பு, வீட்டுரிமை, சொத்து மதிப்பு, நகரச் சட்டங்கள், பாதுகாப்பான நிறுத்துமிடம்.

முன்னுரை

தமிழில் ‘வீடு’ என்பது கட்டடத்தையும், ‘மனை’ என்பது இல்லத்தோடு அதற்குரிய நிலத்தையும் சுட்டும். ‘குடியிருத்தல்’ என்னும் வினையோ ஓரிடத்தில் நிலைத்து வாழும் செயலைச் சுட்டுவது. கட்டடம் இல்லாத இடத்திலும் குடியிருத்தல் நிகழக்கூடும். சொல்லளவில் எளிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, அமெரிக்க மேற்குக் கரை நகரங்களில் நீதிமன்றங்கள்வரை சென்ற சிக்கலாக உள்ளது. தெருவில் நிறுத்தப்பட்ட ஊர்தி ஒருவரின் வீடா, வெறும் வாகனமா என்பதே அச்சிக்கல்.

வீடற்றோர்க்கான அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், மனிதர் உறங்குவதற்கென அமையாத இடத்தில் இரவைக் கழிப்போரை வீடற்றோர் என வரையறுக்கிறது. அவ்விடங்களுள் மகிழுந்தும் ஒன்று. இவ்வரையறையின்படி ஊர்தியில் வாழ்வோர் கூரையற்றோராகவே கணக்கிடப்படுகின்றனர். சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டத்தில் 2018 ஜனவரியில் நடந்த ஓரிரவுக் கணக்கெடுப்பில் வீடற்றோர் 12,112 பேர் எனப் பதிவாயிற்று. அவர்களுள் காப்பகங்களுக்கு வெளியே இருந்தோர் 6,320 பேர். அதில் 3,372 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், ஊர்திகளில் தங்கியிருந்தனர். எனவே இது நகர வாழ்வின் ஓரத்தில் நிகழும் அரிய நிகழ்வு அன்று. தமிழ்க் குடும்பங்கள் பலவும் வீடு வாங்கிக் குடியேறியுள்ள சியாட்டில், சிலிக்கான் பள்ளத்தாக்குப் பகுதிகளிலும் இது அன்றாடக் காட்சியாகும்.

அச்சத்தின் கூறுகள்

வீடு வாங்குவோரின் அச்சத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, சொத்து மதிப்பு பற்றியது. வில்லியம் ஃபிஷெல் 2001-இல் வெளியிட்ட ‘ஹோம்வோட்டர் ஹைப்பாதிசிஸ்’ என்னும் நூல் இக்கூற்றை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். நடுத்தரக் குடும்பத்தின் செல்வம் பெரிதும் ஒரே வீட்டில் முடங்கியிருக்கிறது. தீ விபத்துக்குக் காப்பீடு உண்டு. அக்கம்பக்கம் மாறுவதால் மதிப்புக் குறைவதற்குக் காப்பீடு இல்லை. எனவே வீட்டுரிமையாளர்கள் சிறிய இடரையும் பெரிதாகக் கருதி உள்ளூர் அரசியலில் ஈடுபடுகின்றனர் என்பது அவர் வாதத்தின் சாரம். கலிபோர்னியாவில் புதிதாக வீடு வாங்குவோர்க்கு இச்சுமை இன்னும் கூடுதலானது. 1978-இல் வாக்காளர் ஏற்ற 13-ஆம் முன்மொழிவின்படி சொத்துவரி வாங்கிய விலையை அடிப்படையாகக் கொண்டது. வரிக்குரிய மதிப்பின் ஆண்டு உயர்வு 2 விழுக்காட்டுக்கு மேற்படாது. ஆகவே ஒரே தெருவில் நாற்பதாண்டுகளாக வாழ்பவரைவிட நேற்று வீடு வாங்கியவர் பன்மடங்கு வரி செலுத்த நேரிடும். உயர்ந்த விலையும் கடனும் வரியும் ஒருங்கே சுமப்பவர், வீட்டின் முன் நிற்கும் வேனை நட்டத்தின் அறிகுறியாகக் காண்பது இயல்பு.

இரண்டாவது, தூய்மையும் தீயும் பற்றியது. கழிவுநீர்த் தொட்டியை வெறுமையாக்க இடமின்மை, குப்பை சேர்தல், மின்னாக்கியின் இரைச்சல், எரிவாயு அடுப்பால் நேரும் தீ ஆகியவை கண்கூடான தீங்குகள்.

மூன்றாவது, பாதுகாப்பு பற்றியது. இதில் நிகழ்ந்த குற்றத்தால் எழும் அச்சமும் அறிமுகமின்மையால் எழும் அச்சமும் கலந்துள்ளன. அண்டை வீட்டாரின் பெயரும் முகமும் தெரியும். ஊர்தியில் இருப்பவரின் பெயர் தெரிவதில்லை. அவர் நாளை இருப்பாரா என்பதும் தெரிவதில்லை.

நான்காவது, அறியும் உரிமை பற்றியது. கலிபோர்னியாவில் குடியிருப்பு வீட்டை விற்பவர் சட்டப்படி நிரப்ப வேண்டிய வெளிப்படுத்தல் படிவத்தில், சுற்றுப்புற இரைச்சலோ பிற தொல்லைகளோ உண்டா என்னும் வினா இடம்பெறுகிறது. அண்டை வீட்டாரின் தொல்லையை மறைத்து வீட்டை விற்பது குறித்து அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-இல் ‘ஷபிரோ எதிர் சதர்லாந்து’ வழக்கில் ஆராய்ந்துள்ளது. எனினும் தெருவில் ஊர்தி நிற்பது மட்டுமே ‘தொல்லை’ ஆகிவிடாது. தொல்லை என்பது செயலைக் குறிப்பது, இருப்பைக் குறிப்பதன்று.

செயலுக்கும் இருப்பிற்கும் இடையிலான இவ்வேறுபாடே இச்சிக்கலின் திறவுகோல். இரண்டாம் கூறு முற்றிலும் செயல் சார்ந்தது. முதலாம், மூன்றாம் கூறுகள் பெரும்பாலும் இருப்பைச் சார்ந்தவை. நகரச் சட்டங்கள் இவ்விரண்டையும் பிரிக்கத் தவறியதே பின்வரும் வழக்குகளின் வரலாறு.

ஊர்தி வாகனமா, வீடா?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-இல் ‘கலிபோர்னியா எதிர் கார்னி’ வழக்கில் இவ்வினாவை எதிர்கொண்டது. சான் டியேகோவில் நிறுத்தப்பட்டிருந்த வீட்டு ஊர்தி ஒன்றைக் காவல்துறையினர் பிடியாணையின்றிச் சோதனையிட்டனர். வீட்டைச் சோதனையிடப் பிடியாணை வேண்டும். வாகனத்திற்கு அவ்வளவு கட்டாயமில்லை. உடனே ஓட்டிச் செல்லத்தக்க நிலையில் இருந்ததால் அது வாகனமே என நீதிமன்றப் பெரும்பான்மை முடிவு செய்தது. சக்கரங்கள் நீக்கப்பட்டுத் தாங்கிகளின்மேல் நிறுத்தப்பட்டதா, மின்சாரம் முதலிய இணைப்புகள் உண்டா என்பன போன்றவை முடிவை மாற்றக்கூடும் என்பதையும் அது குறிப்பிட்டது.

முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 2021-இல், வாசிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் ‘சியாட்டில் நகரம் எதிர் லாங்’ வழக்கில் வேறு திசையில் சென்றது. ஒரே இடத்தில் 72 மணி நேரத்திற்கு மேல் நிறுத்தியதற்காகத் தொழிலாளி ஒருவரின் சிறு சரக்குந்து 2016-இல் இழுத்துச் செல்லப்பட்டது. அவர் அதில்தான் வாழ்ந்தார். அவருடைய பணிக் கருவிகளும் அதிலேயே இருந்தன. இழுத்துச் சென்றதற்கும் காப்பிட்டதற்கும் கணக்கிடப்பட்ட 946.61 டாலர் பின்னர் 547.12 டாலராகக் குறைக்கப்பட்டு, மாதம் 50 டாலராகச் செலுத்தப் பணிக்கப்பட்டது. அவருடைய மாத வருவாயோ 400 முதல் 700 டாலர் மட்டுமே. குடியிருக்கும் ஊர்தி வாசிங்டன் மாநிலக் குடியிருப்புக் காப்புச் சட்டத்தின்கீழ் குடியிருப்பாகவே கருதப்படும் என்றும், அவருடைய பொருள்நிலையை நோக்க அத்தொகை அரசமைப்புச் சட்டம் தடைசெய்யும் மிகைத் தண்டம் என்றும் நீதிமன்றம் கூறியது.

இரு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. முன்னது சோதனை அதிகாரத்தைப் பற்றியது. பின்னது கடனும் தண்டமும் பற்றியது. ஆயினும் ஒரே வகை ஊர்தி ஒரு நோக்கில் வாகனமாகவும் மற்றொரு நோக்கில் வீடாகவும் அமைகிறது. வீடு வாங்குவோர் ‘அந்த வண்டியை ஏன் அகற்றக்கூடாது?’ எனக் கேட்கும்போது நேரடி விடை கிடைக்காமைக்கு இதுவே காரணம்.

இருப்பைத் தடைசெய்த சட்டங்கள்

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1983-இல் இயற்றிய 85.02 என்னும் விதி, ஊர்தியைக் ‘குடியிருப்பாக’ப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. ஆனால் எச்செயல்கள் அதில் அடங்கும் என அது விளக்கவில்லை. வெனிஸ் பகுதியில் இவ்விதியின்கீழ் நடந்த கைதுகளை எதிர்த்த ‘டெசர்ட்ரெய்ன் எதிர் லாஸ் ஏஞ்சலஸ் நகரம்’ வழக்கில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் அவ்விதியைச் செல்லாததாக்கியது. ஊர்தியில் உண்பதும் உடைமைகளை வைத்திருப்பதும் குற்றமாகுமானால், விடுமுறைப் பயணம் செல்பவரும் குற்றவாளியே. அவர் கைதாகாமல் வீடற்றவர் மட்டும் கைதாகும்போது, தெளிவின்மை பாகுபாட்டிற்கு வழியாகிறது என்பது தீர்ப்பின் அடிப்படை.

பின்னர் நகரம் விதியைத் திருத்தியது. 2017 முதல் நடைமுறைக்கு வந்த வடிவம் இடத்தையும் நேரத்தையும் வரையறுத்தது. குடியிருப்புத் தெருக்களில் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரையும், பள்ளி, பூங்கா முதலியவற்றின் அருகில் எந்நேரமும் ஊர்தியில் தங்குதல் கூடாது என்றது. கால வரையறையுடன் இயற்றப்பட்ட அவ்விதி பின்னர்க் காலாவதியாயிற்று. இவ்வகை விதியின் விளைவு கருதத்தக்கது. குடியிருப்புத் தெரு மூடப்பட்டால் ஊர்திகள் வணிக, தொழிற்பகுதித் தெருக்களில் செறிகின்றன. அப்பகுதிகளின் விளிம்பில்தான் ஒப்பீட்டளவில் குறைந்த விலை வீடுகள் உள்ளன. ஆகவே வசதி மிக்க தெருக்களின் அச்சம் நீங்க, குறைந்த முதலுடன் வீடு வாங்குவோரின் அச்சம் பெருகுகிறது.

கூகுள் நிறுவனத்தின் தலைமையகம் அமைந்துள்ள மவுண்டன் வியூவில் 2020 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற விதி வேறு வழியைக் கையாண்டது. அது வாழ்தலைக் குறிப்பிடாமல், 40 அடியும் அதற்குக் குறைவான அகலமும் உடைய தெருக்களில் பெரிய ஊர்திகளை நிறுத்துவதைத் தடைசெய்தது. நகரின் பெரும்பாலான தெருக்கள் அவ்வரையறைக்குள் வருவதால், போக்குவரத்து விதியின் வடிவில் குடியிருப்பு விதியே நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்தும் வழக்குத் தொடரப்பட்டது.

2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘கிராண்ட்ஸ் பாஸ் நகரம் எதிர் ஜான்சன்’ வழக்கில் 6–3 என்ற கணக்கில் அளித்த தீர்ப்பு நகரங்களின் கையை வலுப்படுத்தியது. பொது இடத்தில் முகாமிட்டுத் தங்குவதற்குத் தண்டனை விதிப்பது கொடிய தண்டனையாகாது என்றது அது. அந்நகரின் விதியில் முகாம் என்பதன் வரையறை ஊர்தியையும் உள்ளடக்கியது. எனினும் விதியின் தெளிவின்மை, பிடியாணையற்ற கைப்பற்றல், மிகைத் தண்டம் ஆகியவை தனித்தனி வினாக்கள். சான் பிரான்சிஸ்கோவில் முறையாக நிறுத்தப்பட்ட மகிழுந்துகளைச் செலுத்தப்படாத அபராதச் சீட்டுகளுக்காகப் பிடியாணையின்றி இழுத்துச் செல்வது அரசமைப்புக்கு முரண் என 2023-இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

செயலை ஒழுங்குபடுத்தும் வழிகள்

ஊர்தியை இழுத்துச் செல்வது தெருவுக்குத் தற்காலிக நிறைவைத் தரலாம். ஆனால் மீட்கப் பணமற்றவர் ஊர்தியையும் கருவிகளையும் வேலையையும் ஒருங்கே இழந்து, நடைபாதைக்கு வருகிறார். வீடு வாங்கியவர் அஞ்சிய நிலை அதனால் கடுமையாகிறதேயன்றி நீங்குவதில்லை.

இதற்கு மாற்றாகத் தோன்றியது ‘பாதுகாப்பான நிறுத்துமிடம்’ என்னும் ஏற்பாடு. சாண்டா பார்பராவில் நியூ பிகினிங்ஸ் என்னும் அமைப்பு 2004 முதல் இதனை நடத்திவருகிறது. தேவாலயங்கள், அரசு அலுவலகங்கள் முதலியவற்றின் இரவில் வெறுமையாகும் நிறுத்துமிடங்களில் பதிவு செய்தவர்கள் மட்டும் மாலையில் வந்து காலையில் செல்கின்றனர். ஓரிடத்தில் சில ஊர்திகளே இருக்கும். வீடு தேட உதவும் பணியாளரும் உண்டு. இங்கு ஊர்தியில் இருப்பவர் பெயரற்றவர் அல்லர். நிகழும் தொல்லைக்குப் பொறுப்பேற்பவர் ஒருவர் இருக்கிறார். மேற்கண்ட மூன்றாம் கூற்றிற்கு, அதாவது அறிமுகமின்மையால் எழும் அச்சத்திற்கு, இது நேரடியான விடை. கழிவுநீரை உறிஞ்சும் வண்டியையும் குப்பைக் கலத்தையும் ஊர்திகள் நிற்கும் இடத்திற்கே அனுப்புவது இரண்டாம் கூற்றிற்கு விடையாகும்.

இவ்வேற்பாட்டிற்கும் எல்லை உண்டு. இடங்கள் தேவையைவிடக் குறைவு. வீட்டு ஊர்திகளையும் ஓடாத வண்டிகளையும் பல இடங்கள் ஏற்பதில்லை. காலையில் வெளியேற வேண்டியவர் பகலில் மீண்டும் தெருவுக்கே வருகிறார். புதிய நிறுத்துமிடம் அறிவிக்கப்படும்போது அதற்கும் அருகிலுள்ள வீட்டுரிமையாளர்களின் எதிர்ப்பு எழுகிறது.

இரு தரப்பையும் இணைக்கும் காரணம்

கிரெக் கோல்பர்னும் கிளேட்டன் ஆல்டர்னும் 2022-இல் வெளியிட்ட நூல், வீடற்றோர் எண்ணிக்கை அமெரிக்க நகரங்களிடையே வேறுபடுவதற்கு வறுமையோ மனநோயோ போதைப் பழக்கமோ காரணமாக அமையவில்லை என வாதிடுகிறது. வாடகை மட்டமும் காலியான வீடுகளின் குறைவுமே அவ்வேறுபாட்டை விளக்குகின்றன என்பது அவர்கள் முடிவு. இம்முடிவை ஏற்பின், தெருவில் எதிரெதிராக நிற்கும் இருவரையும் உருவாக்கியது ஒரே பற்றாக்குறை எனலாம். வீடு வாங்கியவரைப் பெருங்கடனில் ஆழ்த்திய விலையுயர்வும், வாடகை செலுத்த இயலாதவரை வேனுக்குள் தள்ளிய வாடகையுயர்வும் அதன் இரு முகங்கள்.

இங்கு ஒரு முரண் எழுகிறது. வீட்டுப் பற்றாக்குறை நீங்கினால் ஊர்திகள் குறையும். ஆனால் வீட்டு விலையின் உயர்வும் தணியும். மதிப்புக் குறையும் என்னும் முதலாம் கூற்று அச்சம், புதிய அடுக்ககங்கள் எழுவதையும் எதிர்க்கச் செய்கிறது. அவ்வெதிர்ப்பு பற்றாக்குறையை நீட்டிக்க, தெருவில் ஊர்திகள் பெருகுகின்றன. ஃபிஷெல் கூறிய இடர் அச்சம், தான் அஞ்சும் பொருளையே உருவாக்கும் சுழற்சியாகிறது.

முடிவுரை

வீடு வாங்குவோரின் அச்சம் பொய்யானதன்று. அது வேறுவேறான பல அச்சங்களின் கூட்டு. கழிவு, தீ, இரைச்சல் ஆகியவற்றைச் செயல்சார்ந்த விதிகளாலும் வசதிகளாலும் தீர்க்கலாம். அறிமுகமின்மையைப் பதிவும் பொறுப்பும் உடைய நிறுத்துமிடங்களால் குறைக்கலாம். அறியும் உரிமைக்கு வெளிப்படுத்தல் படிவம் ஓரளவு துணைசெய்யும்; அதற்கு மேல், வாங்கவிருக்கும் தெருவைப் பகலிலும் இரவிலும் நேரில் காண்பதே வழி. சொத்து மதிப்பு பற்றிய அச்சத்தை மட்டும் நிறுத்த விதிகள் எவையும் தீர்க்கா. அதற்குரிய தீர்வு வீடுகளின் எண்ணிக்கையில் உள்ளது. இருப்பைத் தடைசெய்யும் சட்டம் ஊர்தியை அடுத்த தெருவுக்கு அனுப்பும். அடுத்த தெருவிலும் ஒருவர் வீடு வாங்கியிருப்பார் என்பதைக் கருத்தில் கொள்வதே இத்துறையில் சட்டம் இயற்றுவோர்க்கு முதல் தேவையாகும்.